பழைய லெதர் ஜாக்கெட்டை மரப் பட்டறையில் பயன்படுத்தும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

என் மாமா ராணுவத்தில் வடக்கே இருந்தபோது வாங்கிய கறுப்பு லெதர் ஜாக்கெட் ஒன்று, அவர் ஓய்வுபெற்று மதுரைக்கு வந்த நாளிலிருந்து பீரோவில்தான் தொங்கியது. இங்கே அடிக்கும் வெயிலில் அதை எப்போது போடுவது? "மர வேலைக்கு எதுக்காவது ஆகும்னா எடுத்துக்க மாப்ள" என்று ஒருநாள் கையில் கொடுத்துவிட்டார். திருநகரில் இருக்கும் என் சின்னப் பட்டறைக்குக் கொண்டுவந்து, அதைப் பிரித்து, உளி தீட்டும் கட்டைக்கு ஒன்று, மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடைக்கு ஒன்று, உளிக்கு உறை, ஏப்ரன் என்று கிடைத்த இடத்திலெல்லாம் வைத்தேன். பாதிக்கு மேல் சரியாக வரவில்லை. ஒட்டியது உரிந்தது, உளி முன்னைவிட மோசமாக வெட்டியது, வெளிர் மரத்தில் கறை விழுந்தது.

பசையை மாற்றிப் பார்த்தேன், தீட்டும் விதத்தை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் தெற்குவாசல் பக்கம் செருப்புத் தைக்கும் ஓர் அண்ணனிடம் காட்டியபோது அவர் தோலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இது உடுப்புத் தோலு தம்பி, இதுல போயி பெல்ட் வேலையை வாங்குறீங்களே" என்றார். அதன் பிறகு எது கெட்டாலும் முதலில் தோலைத்தான் பார்க்கிறேன். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த வரிசையில்தான்: என்ன கோளாறு தெரிகிறது, அதற்குத் தோல் காரணமா, வேறு எதுவுமா, என்ன செய்தால் சரியாகும்.

எதையும் வெட்டும் முன்னால்

கையில் இருப்பது தோல்தானா என்று முதலில் பாருங்கள். லைனிங் துணியைப் பிரித்துவிட்டு உள்பக்கத்தைப் பார்த்தால் தெரியும். நிஜத் தோலின் உள்பக்கம் நார்நாராக, பூனை முடி போல இருக்கும்; துணி நெசவு தெரிந்தால் அது ரெக்ஸின் வகை. வெட்டிய ஓரத்தில் நடுவே துணி ஒரு கோடாகத் தெரிந்தாலும் அதேதான். ரெக்ஸினும் பியூ என்கிற பிளாஸ்டிக் பூச்சுத் துணி வகையும் பட்டறைக்கு வேண்டாம். நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் சில வருடத்தில் மேல்பூச்சு செதில் செதிலாக உரியும், அந்தச் செதில் பசையிலும் பாலிஷிலும் போய் ஒட்டிக்கொள்ளும், எடுத்து மாளாது. தோல் என்று சொல்லி விற்ற பெல்ட் ஒன்றை நானும் வாங்கி ஏமாந்திருக்கிறேன். பிரித்தால் உள்ளே தோல்தூளைப் பசை போட்டு அழுத்திய அட்டைதான் இருந்தது.

அடுத்தது, எந்தப் பதனீட்டுத் தோல் என்பது. ஜாக்கெட், கையுறை, மெல்லிய கைப்பை இவை பெரும்பாலும் குரோம் உப்பில் பதப்படுத்தியவை. மெல்லியதாக, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமனில், கசக்கினால் துணி மாதிரி மடங்கும். நல்ல பழைய பெல்ட், பழைய செருப்பின் அடித்தோல், சில பைகளின் வார் இவை மரப்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்தியவையாக இருக்கலாம். ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தொழில். தோல் ஷாப்புகளுக்கு, அதாவது தோல் பதனிடும் இடங்களுக்கு, பேர்போன திண்டுக்கல் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தத் தோல் கெட்டியாக இருக்கும், 3 மில்லிமீட்டர்கூட வரும், அழுத்தினால் அமுங்காது.

சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பட்டையில் பதப்படுத்தியது சுருண்டு, சுருங்கி, ஆறியதும் விறைத்துப்போகும். குரோம் தோல் பெரிதாக மாறாது. வெட்டிய ஓரத்தின் நடுவில் சாம்பலோ வெளிர் நீலமோ தெரிந்தாலும் அது பெரும்பாலும் குரோம்தான். கொளுத்திப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அதைச் செய்யாதீர்கள். குரோம் தோலை எரித்தால் அதிலுள்ள குரோமியம் கெடுதலான வகையாக மாறக்கூடும், மூடிய பட்டறையில் அந்தப் புகையும் சாம்பலும் வேண்டவே வேண்டாம்.

ஜாக்கெட்டில் முதுகுத் துண்டுதான் நல்லது, சீரான தடிமன், அதிகம் இழுபடாது. அக்குள், முழங்கை, பாக்கெட் ஓரம் இவை எல்லாம் வியர்வையிலும் மடிப்பிலும் களைத்துப்போனவை, துடைப்புத் துண்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கோளாறு: தோலில் தீட்டிய பிறகு உளி முன்பைவிட மழுங்கலாக இருக்கிறது

இதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல்லில் தீட்டி முடித்ததும் உளி முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு நிற்கும். அதை எடுத்து முனையைப் பளபளப்பாக்கத்தான் தோல். சவரக் கத்தியை வாரில் இழுப்பார்களே, அதே வேலை. ஆனால் தோல் மெத்தென்று இருந்தால் உளியை இழுக்கும்போது முனைக்குக் கீழே தோல் அமுங்கும், முனையைத் தாண்டியதும் மேலே எழும்பும், எழும்பும்போது முனையைச் சுற்றி வளைந்து அதை உருட்டிவிடும். நீங்கள் 30 டிகிரியில் தீட்டிக் கொண்டுவந்த முனை, பத்துப் பதினைந்து இழுப்பில் உருண்டையாகிவிடும். ஜாக்கெட் தோலை இரண்டு மடிப்பாகப் போட்டு, அடியில் ஃபோம் வேறு வைத்து ஒட்டியிருந்தேன், மெத்தென்று இருந்தால் நல்லது என்று நினைத்து. அதுதான் தவறு.

எப்படிக் கண்டுபிடிப்பது? உளியின் சாய்வுப் பக்கம் முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கி, தோலில் மூன்று முறை இழுத்துப் பாருங்கள். சாய்வு முழுக்க ஒரே மாதிரி மை போனால் சரி. நுனியில் மட்டும் போனால் நீங்கள் பிடியைத் தூக்குகிறீர்கள், அல்லது தோல் அமுங்குகிறது. இரண்டில் எது என்று தெரிய, கைவிரல் நகத்தால் தோலை அழுத்துங்கள். பள்ளம் நின்று மெதுவாக எழும்பினால் தோல்தான் காரணம்.

சரிசெய்ய இரண்டு வழி. நல்ல பெல்ட் கிடைத்தால் அதைப் போடுங்கள், பெல்ட் 38 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் பட்டறையில் இருக்கிற அநேக உளிகளுக்குப் போதும். பெல்ட் பல நேரம் இரண்டு அடுக்காகத் தைத்திருப்பார்கள், தையலைப் பிரித்து உள் அடுக்கை எடுத்துவிட்டு மேல் தோலை மட்டும் ஒட்டுங்கள். இழைப்புளித் தகடு 50 மில்லிமீட்டர் வரும், அதற்கு பெல்ட் பற்றாது, ஜாக்கெட் தோல்தான். ஆனால் ஒரே ஒரு அடுக்கு, அடியில் எதுவும் வைக்காமல், தட்டையாக இழைத்த தேக்குக் கட்டையிலோ எம்டிஎஃப் துண்டிலோ நேராக ஒட்டுங்கள். மெல்லிய தோல் கெட்டியான கட்டையோடு ஒட்டிக்கொண்டுவிட்டால் அமுங்க இடம் கிடையாது, அப்போது நன்றாகவே வேலை செய்கிறது. ஒட்டும்போது இழுத்துப் பிடித்து ஒட்டாதீர்கள். இழுபட்ட தோல் பிறகு தன் இடத்துக்குத் திரும்பப் பார்க்கும், நடுவில் அலை அலையாக எழும்பும்.

கட்டையும் தட்டையாக இருக்க வேண்டும். நான் முதலில் எடுத்தது கோணலான மாம்பலகைத் துண்டு. ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் போதும்.

இனி மசி, அதாவது தோல் மேல் தேய்க்கும் பாலிஷ். ஸ்டீல் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் பச்சைக் கட்டி இருக்கிறதே, அதில் குரோமியம் ஆக்ஸைடு இருக்கும், அதுவே போதும். கிரேயான் தேய்ப்பது போல மெல்லியதாகத் தேயுங்கள், தோலின் நிறம் அடியில் தெரிய வேண்டும். கட்டி கட்டியாக நின்றால் உளி அதன் மேல் ஏறி இறங்கும், முனை மறுபடி உருளும். ஏற்கெனவே அதிகமாகப் போட்டுவிட்டீர்களென்றால், பழைய ஹேக்ஸா பிளேடின் முதுகால் சுரண்டி எடுத்துவிடலாம். உளியை எப்போதும் முனை பின்னால் வரும்படி இழுக்க வேண்டும், முனை முன்னால் போகத் தள்ளினால் தோலை வெட்டிவிடும். இழுப்பு முடியும் இடத்தில் பிடியைத் தூக்காமல் உளியை நேராக மேலே எடுங்கள். கையின் எடையே போதும், அழுத்தத் தேவையில்லை.

ஏற்கெனவே உருண்டுபோன முனையைத் தோலில் திருப்பிக் கொண்டுவர முடியாது. கல்லுக்குப் போங்கள், பிசிறு எழும்வரை தீட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

கோளாறு: ஒட்டிய தோல் ஓரத்திலிருந்து உரிந்து வருகிறது

முதலில் உரிந்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள். பசை மரத்தில் இருக்கிறதா, தோலில் இருக்கிறதா?

பசை முழுக்க மரத்தில் தங்கி, தோல் பளிச்சென்று வெறுமையாக வந்திருந்தால், தோலின் மழமழப்பான பக்கத்தை ஒட்டியிருக்கிறீர்கள். வைஸ் தாடைக்குச் சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்பதால் இது அடிக்கடி நடக்கும். ஜாக்கெட்டின் மேல்பக்கத்தில் நிறப்பூச்சும் அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மாதிரிப் பூச்சும் இருக்கும், எந்தப் பசையும் அதில் பிடித்த மாதிரி நடித்துவிட்டு வந்துவிடும். 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேயுங்கள், மூக்கில் துணியோ மாஸ்க்கோ கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நல்லதில்லை. பிறகு துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு ஒட்டுங்கள்.

பசை தோலோடு வந்து மரம் வெறுமையாக இருந்தால், மரத்தில் பழைய பாலிஷோ மெழுகோ இருக்கிறது. ஒரு முறை இழைத்துவிட்டால் சரியாகிவிடும்.

இரண்டு பக்கமும் பசை பிசுபிசுவென்று நூல் மாதிரி இழுபட்டால் அது சூடு. ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற ரப்பர் பசை சூட்டில் இளகும் குணம் உள்ளது. சித்திரை வைகாசியில் தகரக் கூரைப் பட்டறை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். வைஸ் தாடையில் அழுத்தமும் சேரும்போது தோல் மெல்ல மெல்ல நகர்ந்து ஓரத்தில் பிதுங்கிவிடும். இதற்கு நான் இப்போது வெள்ளைப் பசைதான், அதாவது மரத்துக்குப் போடும் ஃபெவிகால் எஸ்.ஹெச்., போடுகிறேன். மரத்தாடையாக இருந்தால் மட்டும் இது ஒத்துவரும். தோலை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, மெல்லிய பூச்சாகத் தடவி, மேலே பாலிதீன் தாளும் ஒரு பலகையும் வைத்து, இரவு முழுக்க கிளாம்பில் விட்டுவிடுங்கள். இரும்புத் தாடை என்றால் இரும்பில் நேராக ஒட்டாமல், முதலில் மரப்பலகை ஒன்றைத் திருகிவிட்டு அதில் ஒட்டுவது நல்லது.

ரப்பர் பசைதான் கையில் இருக்கிறதென்றால், இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு ஈரமாகச் சேர்ப்பதுதான் பாதிப் பேர் செய்யும் தவறு. சேர்த்ததும் கொட்டாப்புளியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தட்டிக்கொண்டே போங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, எண்ணெய். தோல் காய்ந்திருக்கிறதே என்று ஒட்டுவதற்கு முன்னால் விளக்கெண்ணெய் தடவிவிடுவார்கள், நானும் செய்தேன். எண்ணெய் குடித்த தோலில் எதுவும் ஒட்டாது. ஒட்டிக் காய்ந்த பிறகு மேலே இரண்டு சொட்டு போதும்.

கோளாறு: வைஸில் பிடித்த மரத்தில் கறை

கறை என்ன நிறம் என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஜாக்கெட்டின் நிறத்திலேயே, தேய்த்த மாதிரி மங்கலாக இருந்தால் சாயம் விட்டிருக்கிறது. ஈரமான வெள்ளைத் துணியால் தோலைத் துடைத்தால் துணியில் நிறம் ஏறும், சந்தேகம் தீர்ந்துவிடும். அப்படிப்பட்ட தோலை வெளிர் மரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள், முக்கியமாகப் பசை ஈரம் இருக்கும்போது. உள்பக்கத்தை வெளியே வைத்தாலும் சாயம் அங்கேயும் ஊறியிருக்கும். மரத்தில் விழுந்ததை இழைத்துத்தான் எடுக்க வேண்டும்.

நீலம் கலந்த கறுப்பாக, மை கொட்டிய மாதிரி இருந்தால் அது சாயம் இல்லை. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை செய்தார்களே நம் ஆட்கள், அதேதான் உங்கள் வைஸுக்குள் நடந்திருக்கிறது. பட்டையில் பதப்படுத்திய தோலில் துவர்ப்புச் சத்து இருக்கிறது, கருவேலம், மருது மாதிரி மரங்களிலும் இருக்கிறது, வைஸில் இரும்பு இருக்கிறது, நடுவில் கொஞ்சம் ஈரம் வந்தால் போதும். கறை மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் பாருங்கள். வெளுத்தால் இந்தக் கறைதான், சாறு தடவித் தண்ணீரில் துடைத்துக் காயவிடலாம். ஆழமாக இறங்கியிருந்தால் ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் கேட்கும், அது நஞ்சு, கையுறையோடு, குழந்தைகள் இல்லாத இடத்தில். இனி வராமல் இருக்க, தோலுக்கும் இரும்புக்கும் நடுவில் மரம் இருக்கட்டும், ஈரக் கையோடு வைஸைத் திருகாதீர்கள்.

பசை வழிந்து தோலோடு மரமும் ஒட்டிக்கொள்வது தனிக் கதை. கிளாம்பு வாயில் வைக்கும் தோல் துண்டுகளில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டால் போதும். வைஸ் தாடையில் மெழுகு வேண்டாம், வழுக்கும்.

கோளாறு: தோல் போட்ட பிறகும் வைஸில் மரம் வழுக்குகிறது, அல்லது மரத்தில் பள்ளம் விழுகிறது

வழுக்கினால் மழமழப்பான பக்கம் வெளியே இருக்கிறது, அல்லது நுண்ணிய மரத்தூள் ஏறி அடைத்திருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் ஒருமுறை தேய்த்தால் நார் எழும்பிவிடும். பள்ளம் விழுந்தால் தோலுக்குள் இரும்புத் துகளோ ஜாக்கெட்டின் ரிவெட் மிச்சமோ சிக்கியிருக்கும், விரலால் தடவித் தேடுங்கள். ஜிப், பட்டன், ரிவெட் இவற்றை முதல் நாளே வெட்டி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும், நூலில் மறைந்திருக்கும் ஒரு சின்ன ரிவெட் உளி முனையைத் தின்றுவிடும்.

கோளாறு: உறையில் வைத்த உளி துருப்பிடிக்கிறது

தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பட்டைத் தோலில் அமிலம் உண்டு, குரோம் தோலில் உப்பு மிச்சம் உண்டு, பழைய ஜாக்கெட்டில் வியர்வை உப்பும் சேர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பத்து நாள் உறைக்குள்ளேயே விட்டால் உளி முதுகில் பழுப்புப் புள்ளி வராமல் இருக்காது. உறை வெளி வேலைக்கு எடுத்துப்போக மட்டும். வீட்டுக்கு வந்ததும் உளியை வெளியே எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துடைப்பு துடைத்துத் தட்டில் வையுங்கள்.

உறைக்குள்ளேயே வைத்தாக வேண்டும் என்றால், உறையின் உள்பக்கம் தேன்மெழுகை உருக்கித் தடவலாம். நேரடித் தீயில் வேண்டாம், தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து மெழுகு இளகிய உடனே எடுத்துவிடுங்கள். தேன்மெழுகு 60 டிகிரியைக் கொஞ்சம் தாண்டியதும் உருகும், பட்டைத் தோலோ 70-ஐ ஒட்டியே சுருங்க ஆரம்பிக்கக்கூடும், இடைவெளி குறைவு.

கோளாறு: ஏப்ரன் தையல் ஓரமாகக் கிழிகிறது, போட்டால் வேகிறது

கிழிவது பெரும்பாலும் தையல் நெருக்கத்தால். துணிக்குப் போடும் சின்னத் தையலைத் தோலில் போட்டால் அது தபால் தலை ஓரம் மாதிரி ஓட்டை வரிசையாகிவிடும், இழுத்தால் அந்தக் கோட்டிலேயே பிரியும். தையலுக்குத் தையல் 3 முதல் 4 மில்லிமீட்டர் விட்டு, தோல் ஊசி போட்டுத் தையுங்கள். தோலில் விழுந்த ஓட்டை மூடாது, அதனால் குண்டூசி குத்தாமல் கிளிப் போட்டுப் பிடியுங்கள்.

சூட்டுக்கு, முழு ஏப்ரனை விட்டுவிட்டு இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் மட்டும் முதுகுத் துண்டில் ஒன்று செய்துகொண்டேன். உளி தவறி வருவது பெரும்பாலும் அந்த உயரத்தில்தான். முழு ஏப்ரனே வேண்டுமென்றால் கழுத்தில் மாட்டாமல் முதுகில் குறுக்காக வார் போடுங்கள், கழுத்து வலி வராது.

இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசல் மெஷின், டிரில் மெஷின், சுற்றுகிற எதன் பக்கத்திலும் தொங்கும் வார், குஞ்சம், ஜாக்கெட்டின் கையைக் கழற்றிச் செய்த கைக்கவசம், கையுறை எதுவும் கூடாது. துணி சிக்கினால் சில நேரம் கிழியும். தோல் கிழியாது, கையை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். வாரின் முனைகளைப் பின்பக்கம் முடிச்சிட்டு உள்ளே செருகிவிட்டுத்தான் மெஷினைப் போட வேண்டும்.

கோளாறு: தோல் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது

மழைக்காலத்தில் இதைப் பார்த்ததும் பூஞ்சை என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஹேர் டிரையரால் சற்று நேரம் சூடு காட்டுங்கள். உருகி மறைந்தால் அது தோலுக்குள் இருந்த கொழுப்பு வெளியே வந்தது, துணியால் துடைத்தால் போதும். ஈரத் துணியில் கரைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் உப்பு. இரண்டும் இல்லாமல் பஞ்சு மாதிரி, நாற்றத்தோடு இருந்தால்தான் பூஞ்சை. வெளியில் கொண்டுபோய்த் துடைத்து, நிழலில் காற்றோட்டமாகக் காயவையுங்கள். நேர் வெயிலில் போட்டால் விறைத்துவிடும்.

பழைய பெல்ட் சிவப்புத் தூளாக உதிர்ந்து கையில் ஒட்டினால் அந்தத் தோலின் நாரே செத்துவிட்டது. எண்ணெய் விட்டுப் பிழைக்கவைக்க முடியாது, குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

மிச்சத் துண்டுகள்

கெட்டித் தோலில் வட்டமாக வெட்டி உளிப் பிடியின் அடியில் வாஷராகப் போட்டால் கொட்டாப்புளி அடி மெத்தென்று இறங்கும். அது சீக்கிரம் பிதுங்கிப்போகிறது என்றால் ஜாக்கெட் தோலைப் போட்டிருக்கிறீர்கள். பெல்ட் தோலையோ செருப்பு அடித்தோலையோ இரண்டு அடுக்காக ஒட்டிப் போடுங்கள். ஜாக்கெட் தோலின் சின்னத் துண்டுகள் உப்புத்தாள் கட்டைக்கு அடியில் ஒட்ட நன்றாக இருக்கின்றன, வளைந்த நாற்காலிக் காலைத் தேய்க்கும்போது அந்த வளைவுக்கு ஏற்ப அமுங்கிக் கொடுக்கும். உளி தீட்டும்போது கெடுத்த அதே குணம் இங்கே வேலைக்கு ஆகிறது. மாமாவின் ஜாக்கெட்டில் இப்போது மிச்சம் இருப்பது காலரும் இரண்டு பாக்கெட்டும்தான், பாக்கெட்டுகளை அப்படியே சுவரில் அடித்து பென்சிலும் அடிமட்டமும் போட்டு வைத்திருக்கிறேன்.